பல விளையாட்டு ஆர்கேட் போர்டு: பேட்டரி மாற்றியும் செட்டிங் நிற்பதில்லை

#1 காயின்_பெட்டி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் பழைய பல விளையாட்டு ஆர்கேட் போர்டு ஒன்று இருக்கிறது. ஜாமா இணைப்பு (போர்டையும் பெட்டியையும் இணைக்கும் பொதுக் கனெக்டர்), மெனுவில் முப்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். முந்தைய உரிமையாளர் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தது. படம், சத்தம், ஜாய்ஸ்டிக் எதிலும் குறை இல்லை. செட்டிங் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது.

டெஸ்ட் மெனுவுக்குள் போய், காசு போடாமல் ஆடும்படி மாற்றி, சத்தத்தைக் குறைத்து, வேண்டாத விளையாட்டுகளை மறைத்து வைப்பேன். சில நாள், சில வாரம் ஒழுங்காக ஓடும். பிறகு ஒரு நாள் காலையில் ஆன் செய்தால் காசு கேட்கும், வீடு அதிரும் சத்தத்தில் பாட்டு பாடும். ஹை ஸ்கோர் பட்டியலும் துடைத்தெடுத்ததுபோல் போயிருக்கும்.

போர்டில் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி இருக்கிறது. நான் முதலில் போட்டது ஏழு வாரம் வந்தது. அடுத்தது ஆறு வாரம். இரண்டையும் கழற்றி அளந்தபோது 2 வோல்ட்டுக்கும் கீழே. சரி, மட்டமான பேட்டரி என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவதைப் போட்டு இன்றோடு பத்து நாள்தான். இன்று காலை மறுபடி எல்லாம் போச்சு. ஆனால் பேட்டரியைக் கழற்றி அளந்தால் 3.2 வோல்ட் காட்டுகிறது! இதுதான் எனக்குப் புரியவில்லை. பேட்டரி உயிரோடு இருக்கும்போதே எப்படி அழியும்?

#2 மூணு_உயிர்

போர்டை மாற்றிவிடுங்கள் ப்ரோ. இப்போது வருகிறவற்றில் இதைப்போல நூறு மடங்கு விளையாட்டு இருக்கிறது.

#3 காயின்_பெட்டி

ஆயிரம் விளையாட்டு இருந்தாலும் நாங்கள் ஆடுவது நாலுதான் ப்ரோ. அந்த நாலும் இதில் ஒழுங்காக ஓடுகிறது.

#4 இரவுப்பறவை

எனக்கும் இதே பிரச்சினை. என் போர்டில் பேட்டரியே இல்லை. என்ன மாற்றினாலும் அணைத்துப் போட்டால் பழையபடி வந்து நிற்கிறது. நினைவுச் சிப் செத்துவிட்டதா? அதைக் கழற்றி மாற்ற வேண்டுமா?

#5 ஈயப்புகை

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் இரண்டும் வேறு வேறு வியாதி.

இந்த மாதிரி போர்டுகள் செட்டிங்கை எங்கே எழுதி வைக்கின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவு வைத்திருக்கும், அதனால் பேட்டரி தாங்கிப் பிடிக்கும் ஸ்டாட்டிக் ரேம் ஒரு வகை. 6264, 62256 என்று முதுகில் எண் போட்ட நீளமான 28 கால் சிப். பேட்டரியே தேவைப்படாத எட்டுக் கால் ஈஈப்ராம் இன்னொரு வகை; 93சி46, 24சி02 போன்றவை. மூன்றாவது ஃபிளாஷ் சிப் அல்லது மெமரி கார்டு. கம்ப்யூட்டர் மதர்போர்டையே உள்ளே வைத்திருக்கும் பெட்டிகளும் உண்டு. அவற்றில் உள்ள பட்டன் பேட்டரி பயாஸுக்கும் கடிகாரத்துக்கும் மட்டுமே. விளையாட்டு செட்டிங் டிஸ்க்கில் இருக்கும். அங்கே பேட்டரி மாற்றி ஒரு பயனும் இல்லை.

இரவுப்பறவை, உங்களுடையது இரண்டாவது வகைபோலத் தெரிகிறது. ஈஈப்ராம் அவ்வளவு சீக்கிரம் சாகாது. பத்து லட்சம் முறை எழுதலாம் என்று தயாரிப்பாளர்களே உத்தரவாதம் தருகிற சரக்கு அது. மாதத்துக்கு ஒரு முறை சத்தத்தைக் குறைப்பதால் தேயப் போவதில்லை. முதலில் ஒரு கேள்வி: மெனுவிலிருந்து எப்படி வெளியே வருகிறீர்கள்?

காயின்_பெட்டி, உங்களிடம் மூன்று தகவல் வேண்டும். பேட்டரி இருக்கும் இடத்தைச் சுற்றிப் பார்த்து, பச்சையோ வெள்ளையோ ஏதாவது பூத்திருக்கிறதா என்று சொல்லுங்கள். போர்டை ஆன் செய்த நிலையில், பேட்டரி அதன் கூட்டிலேயே இருக்க, இரண்டு முனையிலும் மீட்டர் வைத்து வோல்ட் சொல்லுங்கள். ரேம் சிப்பின் எண்ணையும் சொல்லுங்கள்.

#6 இரவுப்பறவை

வெளியே வருவதா? மாற்றிவிட்டு மெயின் சுவிட்சை அணைப்பேன். தவறா?

#7 ஈயப்புகை

கண்டுபிடித்தாகிவிட்டது. மெனுவின் கடைசி வரியில் 'சேமித்து வெளியேறு' என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தும்வரை நீங்கள் மாற்றியதெல்லாம் வேலை ரேமில்தான் நிற்கும். சுவிட்சை அணைத்ததும் ஆவியாகிவிடும். அதை அழுத்திவிட்டு, படம் முழுதாக மாறிய பிறகு அணையுங்கள்.

அப்படிச் செய்தும் நிற்கவில்லை என்றால் திரும்ப வாருங்கள். 24 வரிசைச் சிப் என்றால் ஏழாவது கால் எழுதுவதைத் தடுக்கும் கால். அது 5 வோல்ட்டில் மாட்டிக்கொண்டால் படிக்கும், எழுதாது. அதைப் பார்ப்போம்.

#8 இரவுப்பறவை

நின்றுவிட்டது. இரண்டு மாதமாக இந்தப் போர்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

#9 காயின்_பெட்டி

அண்ணா, நீங்கள் கேட்டவை:

ரேம் 62256. பேட்டரிக் கூட்டைச் சுற்றி லேசாகப் பச்சை பூத்திருக்கிறது. கூடு தொழிற்சாலையில் வைத்ததுபோல இல்லை, யாரோ பிற்பாடு கையால் சாலிடர் செய்தது. அதன் கீழே போர்டில் உருளை வடிவப் பேட்டரி படம் வெள்ளை மையில் அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் 3.6 என்று எண்.

ஆன் செய்த நிலையில் பேட்டரி முனைகளில் 3.7 வோல்ட். இது நல்லதுதானே? அணைத்த நிலையைவிட அதிகமாகக் காட்டுகிறதே!

#10 ஈயப்புகை

நல்லது இல்லை தம்பி. உடனே அணைத்துப் பேட்டரியைக் கழற்றுங்கள்.

புது சி.ஆர். 2032 தானாக 3.2, 3.3க்கு மேல் காட்டாது. 3.7 காட்டுகிறது என்றால் போர்டு அதற்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அச்சில் இருக்கும் உருளை, நிக்கல் காட்மியம் பேட்டரி. 1.2 வோல்ட் செல் மூன்று சேர்ந்து 3.6. அது சார்ஜ் ஆகிற ஜாதி. போர்டு ஓடும்போது ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு ஊட்டிவிடும்; அணைத்த பிறகு அதே ரெசிஸ்டர் வழியாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும். முந்தைய உரிமையாளர், ஒழுகிய பழையதை எடுத்துவிட்டு அதே இரண்டு துளையில் பட்டன் பேட்டரிக் கூட்டை வைத்துவிட்டார். சார்ஜ் வழியை வெட்டவில்லை.

சி.ஆர். 2032 சார்ஜ் செய்யக் கூடாத லித்தியம் பேட்டரி. ஊட்டிக்கொண்டே இருந்தால் உப்பும், கசியும், மோசமாகப் போனால் வெடிக்கவும் வெடிக்கும்.

தீர்வு ஒரே ஒரு டையோடு. பேட்டரியின் நேர்முனையிலிருந்து போர்டுக்குப் போகும் பாதையை வெட்டி, நடுவில் 1என்4148 போடுங்கள். கோடு போட்ட பக்கம் போர்டை நோக்கி, கோடில்லாத பக்கம் பேட்டரியை நோக்கி. பேட்டரியிலிருந்து வெளியே போகலாம், உள்ளே வர முடியாது.

#11 விளிம்பு56

ஷாட்கி டையோடு போட்டால் இழப்பு குறைவாக இருக்குமே சார்? 4148 என்றால் 0.7 வோல்ட் போய்விடாதா? 3.2இல் 0.7 போனால் மிச்சம் 2.5தான்.

#12 ஈயப்புகை

நல்ல கேள்வி. 0.7 என்பது நல்ல கரண்ட் ஓடும்போது. இங்கே ஓடப் போவது சில மைக்ரோ ஆம்பியர். அந்த அளவில் 4148 எடுத்துக்கொள்வது 0.4க்குள்தான் இருக்கும். ரேமுக்குத் தரவைக் காக்க 2 வோல்ட் போதும். ஆக நிறைய இடைவெளி இருக்கிறது.

ஷாட்கியின் குறை அதன் பின்பக்கக் கசிவு. 1என்5817 மாதிரி பவர் சப்ளைக்கு என்று செய்த ஷாட்கியைப் போட்டால், அடைத்த திசையிலும் மைக்ரோ ஆம்பியர் கணக்கில் ஒழுகும், சூட்டில் இன்னும் அதிகம். நாம் எதைத் தடுக்கப் போனோமோ அதுவே மெல்ல நடக்கும். சின்ன வேலைக்குச் சின்ன டையோடுதான் சரி.

#13 நாலு_ஸ்லாட்

இந்தக் கதையை நான் என் நியோ ஜியோ எம்.வி.எஸ். போர்டில் பார்த்திருக்கிறேன். 1990இல் வந்த அமைப்பு, அதிலும் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம்தான். ஒழுகி, பக்கத்தில் இருந்த செப்புப் பாதைகளை அரித்துத் தின்றிருந்தது. ஆன் செய்தால் காலண்டர் எரர் என்று ஒரு வரி. நாலு கேசட் போடும் போர்டில் நாலுக்கும் ஒரே பேக்கப் ரேம் என்பதால் எல்லா விளையாட்டின் கணக்கும் ஒரே நாளில் போனது.

இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் கண்ணில் பட்ட போர்டில் எல்லாம் பேட்டரியைப் பிடுங்க வேண்டாம். கேப்காமின் சி.பி.எஸ். 2 போர்டில் பேட்டரி காப்பது செட்டிங்கை அல்ல, விளையாட்டைத் திறக்கும் சாவியை. கழற்றினால் விளையாட்டே ஓடாது. அந்தச் சாவியைத் திரும்ப எழுத இப்போது வழி இருக்கிறது என்றாலும் அது தனி வேலை.

#14 காயின்_பெட்டி

டையோடு போட்டாகிவிட்டது. ஆன் செய்தாலும் பேட்டரியில் இப்போது 3.2தான் காட்டுகிறது. பழைய பேட்டரியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது போட்டேன்.

செட்டிங் அமைத்து, இரண்டு நாள் அணைத்து வைத்து, ஆன் செய்தேன். அப்படியே இருக்கிறது! மிக்க நன்றி அண்ணா.

#15 ஈயப்புகை

நன்றியை இப்போதே சொல்லிவிடாதீர்கள். உங்கள் பழைய பேட்டரிகளும் முதல் இரண்டு நாள் தாங்கத்தான் செய்தன.

அந்தப் பச்சைப் பூப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பேட்டரியிலிருந்து வரும் வழியில் ரெசிஸ்டர் என்ன மதிப்பு? 1 கிலோ ஓம் என்றால் வேலை சுலபம். போர்டை அணைத்து, அந்த ரெசிஸ்டரின் இரண்டு பக்கமும் மீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். 1 மில்லிவோல்ட் காட்டினால் 1 மைக்ரோ ஆம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம். பேட்டரியைக் கழற்றாமல், எதையும் வெட்டாமல் கசிவை அளக்கும் வழி இது.

#16 காயின்_பெட்டி

1 கிலோ ஓம்தான். பழுப்பு, கறுப்பு, சிவப்பு. அளந்தேன்: 190 மில்லிவோல்ட்.

#17 ஈயப்புகை

நினைத்தேன். 190 மைக்ரோ ஆம்பியர்.

கணக்குப் போடுங்கள். சி.ஆர். 2032 சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. அதை 0.19ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,150 மணி நேரம். 48 நாள்! ஏழு வாரம் என்று முதல் பதிவில் எழுதினீர்களே, அந்த ஏழு வாரம் இதுதான். 62256 சும்மா இருக்கும்போது இவ்வளவு குடிக்காது. நல்ல நிலையில் ஒற்றை இலக்க மைக்ரோ ஆம்பியர்தான் வர வேண்டும்.

ஒரு சிப் எங்கோ கசிகிறது, இல்லை பழைய பேட்டரி ஒழுகவிட்ட உப்பு இரண்டு பாதைகளுக்கு நடுவே பாலம் கட்டியிருக்கிறது. என் பந்தயம் இரண்டாவதில். கூட்டைக் கழற்றிப் பாருங்கள். எல்லாம் அதற்கு அடியில்தான் இருக்கும்.

சுத்தம் செய்யும் முறை: பேட்டரியைக் கழற்றிவிட்டு, பஞ்சுக் குச்சியில் வெள்ளை வினிகர் தொட்டுப் பூப்பின் மேல் வையுங்கள். நிக்கல் காட்மியம் பேட்டரியின் உள்ளே இருப்பது காரம். அமிலம் பட்டால்தான் அடங்கும். பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, வடித்த நீரால் கழுவி, கடைசியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வினிகரை மேலேயே விட்டுவைத்தால் அதுவும் செம்பைத் தின்னும். ஒரு ராத்திரி முழுக்க உலரட்டும். ஹேர் ட்ரையரின் மிதச் சூடு போதும், ஹீட் கன் எடுக்க வேண்டாம்.

#18 காயின்_பெட்டி

கூட்டைக் கழற்றினேன். அடியில் பார்த்ததைச் சொல்லி முடியாது. போர்டின் பச்சைப் பூச்சு ஓரிடத்தில் குமிழியிட்டு எழும்பியிருந்தது. நகத்தால் தொட்டதும் உதிர்ந்தது. உள்ளே செம்பு கறுத்திருந்தது. பேட்டரியின் நேர்முனைப் பாதை ரெசிஸ்டரைத் தாண்டி ரேமுக்குப் போகும் இடத்துக்கும் பக்கத்துத் தரைப் (கிரவுண்ட்) பாதைக்கும் நடுவில் ஒரு நீலப்பச்சைப் படலம், பாசி படிந்த படிக்கட்டுபோல. முந்தைய உரிமையாளர் துடைக்காமலேயே கூட்டை மேலே வைத்து மூடியிருக்கிறார்.

வினிகர் வைத்ததும் சின்னச் சின்ன நுரை வந்தது. மூன்று முறை செய்தேன். கறுத்த பாதையைச் சுரண்டி, ஒரு இழை வயரால் மேலோட்டமாகப் பாலம் போட்டேன். புதுக் கூட்டை அதே இடத்தில் வைக்காமல் இரண்டு வயர் வைத்துக் கொஞ்சம் தள்ளி ஒட்டிவிட்டேன்.

இப்போது ரெசிஸ்டரில் 4 மில்லிவோல்ட்.

#19 விளிம்பு56

190இலிருந்து 4! அருமை.

#20 ஈயப்புகை

கூட்டைத் தள்ளி ஒட்டினது நல்ல யோசனை. இனி எது ஒழுகினாலும் போர்டில் ஒழுகாது.

4 மைக்ரோ என்றால் காகிதக் கணக்கில் ஆறு வருடத்துக்கு மேல். போர்டு ஓடும் நேரமெல்லாம் பேட்டரிக்கு ஓய்வு. ஆனால் பேட்டரி சும்மா இருந்தாலும் கொஞ்சம் இறங்கும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

#21 காயின்_பெட்டி

அண்ணா, நீங்கள் நன்றியைத் தள்ளி வைக்கச் சொன்னது சரிதான்.

ஒன்பது நாள் நன்றாக இருந்தது. இன்று காலை ஆன் செய்தேன், காசு கேட்கிறது. பேட்டரி 3.2. அணைத்துவிட்டு ரேமின் 28ஆம் காலில் அளந்தேன், 2.8. ரெசிஸ்டரில் அதே 4 மில்லிவோல்ட். ரேமுக்கு மின்சாரம் ராத்திரி முழுக்கக் கிடைத்திருக்கிறது, ஆனாலும் நினைவு போய்விட்டது. எனக்கு உண்மையிலேயே வெறுத்துவிட்டது.

#22 மூணு_உயிர்

நான் இரண்டாவது பதிவில் சொன்னதைத் திரும்பச் சொல்லலாமா?

#23 ஈயப்புகை

கொஞ்சம் பொறுங்கள் மூணு_உயிர்.

தம்பி, உங்கள் முதல் பதிவை மறுபடி படித்தேன். அதிலேயே இரண்டு வியாதி கலந்திருக்கிறது. ஆறு, ஏழு வாரத்தில் பேட்டரி செத்து அழிந்தது ஒன்று, அதைச் சரிசெய்துவிட்டோம். பேட்டரி 3.2இல் இருக்கும்போதே பத்தாவது நாளில் அழிந்தது இன்னொன்று. அதை நானும் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை.

ரேமுக்கு மின்சாரம் போகாமல் மறந்துபோவது வேறு. மின்சாரம் இருக்கும்போதே யாரோ உள்ளே புகுந்து தப்பாக எழுதுவது வேறு. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பல போர்டுகள் ஆன் ஆகும்போது ரேமில் உள்ளதைக் கூட்டிப்பார்க்கும். கூட்டுத்தொகை ஒரு இலக்கம் பிசகினாலும் எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். ஒரு பைட் கெட்டாலும் உங்களுக்கு முழுதும் போனதாகத்தான் தோன்றும்.

இரண்டு வேலை. அணைத்த நிலையில் 62256இன் 20ஆம் காலில் வோல்ட் பாருங்கள். அதுதான் ரேமின் கதவு. 28ஆம் காலில் உள்ள வோல்ட்டுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் கதவு மூடியிருக்கிறது. அப்புறம் நேர்மையாகச் சொல்லுங்கள்: ஆடிக்கொண்டிருக்கும்போது போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆவது உண்டா?

#24 காயின்_பெட்டி

20ஆம் காலில் 2.79. 28இல் 2.8. அதாவது மூடியிருக்கிறது.

ரீஸ்டார்ட்... ஆமாம், எப்போதாவது ஆகும். பழைய போர்டு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால் நேற்று ராத்திரிகூட ஒரு முறை ஆனது. ஆட்டம் முடிந்து ஸ்கோருக்குப் பெயர் போடும்போது திரை கறுத்து மறுபடி ஆரம்பித்தது. நேரமாகிவிட்டது என்று அப்படியே அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

#25 ஈயப்புகை

செட்டிங் நேற்று ராத்திரியே போய்விட்டது. நீங்கள் பார்த்தது காலையில்.

பெயர் போடும்போது போர்டு ரேமில் எழுதிக்கொண்டிருக்கும். பாதி எழுதும்போது ரீசெட் வந்தால் கதவு பட்டென்று மூடும். எழுதினது பாதி, கூட்டுத்தொகை பழையது. அடுத்து ஆன் ஆகும்போது கணக்கு இடிக்கும், எல்லாம் துடைக்கப்படும். நாம் இத்தனை நாளும் போர்டு அணைந்திருக்கும் நேரத்தையே குற்றவாளியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ரீசெட் ஏன் வருகிறது என்பது இனி விளிம்பு56 சாரின் பாடம்.

#26 விளிம்பு56

வந்துவிட்டேன். பவர் சப்ளையின் முனையில் 5 வோல்ட் அளப்பது பாதி வேலைதான். போர்டின் மேல், ஏதாவது ஒரு சிப்பின் மின்சாரக் காலில் அளக்க வேண்டும். இரண்டையும் சொல்லுங்கள். அதோடு சப்ளையின் தரை முனையில் ஒரு முள், போர்டின் தரையில் இன்னொரு முள் வைத்து வரும் வோல்ட்டையும் சொல்லுங்கள். தரைப் பக்கத்தில் தொலைவதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை.

எல்லாம் போர்டு ஓடும்போது. உங்கள் பெட்டியில் 5 வோல்ட்டில் வேறு என்ன தொங்குகிறது?

#27 காயின்_பெட்டி

சப்ளையில் 5.04. ரேம் பக்கத்தில் இருக்கும் சிப்பில் 4.71. தரைக்கும் தரைக்கும் 0.12.

வேறு என்ன தொங்குகிறது என்றால்... பன்னிரண்டு எல்.இ.டி. பட்டன். ஆசைக்கு நான்தான் போட்டேன். ஜாமா கனெக்டருக்குப் போகும் 5 வோல்ட் வயரிலேயே, கனெக்டரில் ஏறும் இடத்தில் ஒட்டு போட்டு எடுத்தேன்.

#28 விளிம்பு56

அகப்பட்டது. 0.33 வோல்ட் வழியில் காணாமல் போகிறது. தரையில் 0.12, மிச்சம் 0.21 நேர்ப் பக்கத்தில்.

போர்டில் 1232 என்று எண் போட்ட எட்டுக் கால் சிப் இருக்கிறதா பாருங்கள். அதுதான் ரீசெட் காவலாளி. மூன்றாவது கால் தரையில் இருந்தால் 4.62 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் மணி அடிக்கும். நீங்கள் 4.71இல் நிற்கிறீர்கள். மீட்டர் காட்டுவது சராசரி. கண்ணிமைக்கும் நேரத்தில் வரும் சரிவை அது காட்டாது. எல்லாப் பட்டனும் ஒன்றாக மின்னும்போது ஒரு எல்.இ.டி.க்கு 20 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் 240 மில்லி ஆம்பியர் கூடுகிறது. ஏற்கெனவே விளிம்பில் நிற்பவனைத் தள்ள இது போதும்.

ஜாமாவில் 5 வோல்ட்டுக்கு நாலு முனை: பாகங்கள் இருக்கும் பக்கம் 3, 4, சாலிடர் பக்கம் சி, டி. தரைக்கு இரண்டு ஓரத்திலுமாக எட்டு. மொத்தம் 56இல் பன்னிரண்டு முனையை இதற்கே ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. உங்கள் கனெக்டரில் எத்தனைக்கு வயர் வருகிறது, எது கறுத்திருக்கிறது?

#29 காயின்_பெட்டி

1232 இருக்கிறது, மூன்றாம் கால் தரையில்தான்.

கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். 5 வோல்ட்டுக்கு வயர் வருவது 3க்கும் சி-க்கும் மட்டும். தரைக்கு 1, 2 மட்டும். 3ஆம் முனையின் பிளாஸ்டிக் பழுப்பேறி, உள்ளே இருக்கும் தகடு சாம்பல் நிறத்தில் தளர்ந்து கிடக்கிறது. போர்டின் விளிம்பில் அதற்கு நேராக உள்ள பட்டையில் தங்கம் தேய்ந்து கறுப்புக் கோடு.

சப்ளையில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பிக் கொஞ்சம் கூட்டினால் இப்போதைக்குச் சரியாகிவிடாதா?

#30 விளிம்பு56

அந்தத் திருகைத் தொடாதீர்கள். வழியில் தொலைகிறது என்பதற்காக 5.35 வைத்துவிட்டு, நாளை கனெக்டரை ஒரு அசைப்பு அசைத்துத் தொடுப்பு நன்றானால் அந்த 5.35 முழுதாகச் சிப்புகளுக்குள் போகும். அவற்றுக்கு 5.25க்கு மேல் ஆகாது. அதோடு, கறுத்த முனை கறுத்துக்கொண்டேதான் போகும்.

புதுக் கனெக்டர் போடுங்கள். நாலு முனைக்கும் 5 வோல்ட், எட்டு முனைக்கும் தரை. தடித்த வயர். போர்டின் விளிம்பை ஆல்கஹாலால் துடையுங்கள். கறுப்பு போகவில்லை என்றால் வெள்ளைப் பென்சில் அழிப்பான், லேசாக. உப்புக் காகிதம் வேண்டவே வேண்டாம், மிச்சம் இருக்கும் தங்கமும் போய்விடும். எல்.இ.டி.க்குச் சப்ளையிலிருந்து தனி வயர். திருகு கடைசியில், போர்டின் மேல் அளந்துகொண்டு.

#31 நாலு_ஸ்லாட்

வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். செட்டிங்கில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ஒன்றை மாற்றிவிட்டு, இருபது முறை அணைத்து ஆன் செய்யுங்கள். சில தடவை பத்து வினாடி இடைவெளி, சில தடவை ஒரு நிமிடம். ஒவ்வொரு முறையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு முறை ஆடி, பெயரும் போடுங்கள். காலையில் போய் ஒரு முறை பார்ப்பது சோதனை ஆகாது.

#32 காயின்_பெட்டி

மூன்று மாலை பிடித்தது. புதுக் கனெக்டருக்கு வயர் மாற்றுவது சலிப்பான வேலை. முதல் முறை இரண்டாவது ஆட்டக்காரரின் இடதையும் வலதையும் மாற்றி வைத்துவிட்டேன்.

சப்ளையில் 5.04, போர்டில் 4.98. தரைக்கும் தரைக்கும் 0.02. திருகைத் தொடவே இல்லை. பன்னிரண்டு பட்டனும் எரியும்போதும் 4.98 அசையவில்லை.

நாலு_ஸ்லாட் சொன்ன சோதனையில் இருபதில் இருபது.

#33 ஈயப்புகை

இப்போது நன்றி சொல்லலாம். அதை விளிம்பு56க்குச் சொல்லுங்கள். நான் பேட்டரியைப் பார்த்த கண்ணால் கனெக்டரைப் பார்க்கவில்லை.

#34 காயின்_பெட்டி

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். பேட்டரி 3.2இலேயே நிற்கிறது. ஒரு ரீஸ்டார்ட்கூட இல்லை. ஏழு வாரக் கெடுவையும் தாண்டிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். போன வாரம் என் அக்கா மகள் வந்து, நான் மூன்று வருடமாக ஆடும் ஆட்டத்தில் முதலிடத்தைப் பிடித்து, மூன்று எழுத்தில் பெயரும் போட்டுவிட்டுப் போய்விட்டாள். ஒவ்வொரு நாளும் ஆன் செய்ததும் முதலில் அதுதான் தெரிகிறது. செட்டிங் போகாமல் அந்த ஒரு வரியை மட்டும் அழிக்க வழி உண்டா அண்ணா?

#35 ஈயப்புகை

இல்லை தம்பி. போய் ஆடுங்கள்.

#36 மூணு_உயிர்

பழைய கனெக்டரைத் தூக்கிப்போட்டுவிட்டீர்களா?